அத்தியாயம் 6: பிளக் பாயின்ட்டில் விரலை விடும் வீரரைப் படிப்பது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த அத்தியாயத்தின் நாயகர் பிளக் பாயின்ட்டில் விரலை விடுவார், நீங்கள் விடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். வேறு ஊர்களில் இது வேடிக்கைப் பேச்சாகத் தெரியலாம். நெய்வேலியில் அப்படி இல்லை. இங்கே பல குவார்ட்டர்ஸ்களில் அப்பாவோ தாத்தாவோ தெர்மல் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். ஷாக் அடிக்காமல் இருப்பதற்காகவே கையுறை, பூட்ஸ், பெர்மிட், பாதுகாப்பு வார உறுதிமொழி என்று ஒரு ஆயுளைக் கழித்தவர். அவருடைய வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, ஷாக் அடித்தால்தான் பலம் வரும் என்கிற ஒருவருடைய கதையைப் படிப்பது தனிச் சுகம். அந்தச் சுகத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழ் தொடங்கியபோது அதில் வெளிவந்த தொடர் இது. முதலில் கென் புல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். லூயிஸ் கிராண்டேல் என்பவர் பேராசிரியர் பேரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை. ஒருநாள் கூடத்தில் விபத்து. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோகிறார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அன்று முதல் மறைய வேண்டுமென்றால் ஷாக் வேண்டும். சக்தி இறங்கினால் உருவம் வந்துவிடும். மறுபடி ஷாக் தேட வேண்டும். 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே இவருடைய கதைதான். பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊர், ஒரு ஆங்கிலேய ஆய்வுக்கூட உதவியாளரைத் தமிழ்நாட்டுப் பையன்களின் சொத்தாக்கிவிட்டது.

ஒரு பொய்க்கு மட்டும் அனுமதி

பழைய வீரசாகசக் கதைகளை ரசிக்க விரும்புகிறவர்கள் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் சின்ன வயதுப் பாசத்தில் எதையும் கேள்வி கேட்காமல் படித்துவிட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று மூடிவைக்கிறார்கள். சிலர் மேலே நின்றுகொண்டு, "என்னய்யா இது, காதுல பூ" என்று இரண்டாம் பக்கத்திலேயே சிரித்து முடித்துவிடுகிறார்கள். இருவருக்குமே கதையின் பாதிதான் கிடைக்கிறது.

நான் சொல்லும் வழி இது. கதை சொல்கிற முதல் பொய்யை முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். ஷாக் அடித்தால் மனிதன் மறைவான்: சரி, மறையட்டும். அதற்கு மேல் ஒரு பைசா கடன் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்டோர்ஸ் ஆடிட்டர் மாதிரி கணக்குக் கேளுங்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு கறாராக நடந்துகொள்கிறீர்களோ, அவ்வளவு சிரிப்பு கிடைக்கும்.

மாயாவியிடமே தொடங்கலாம். மறையும்போது சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் சேர்ந்து மறைகின்றன. திரும்பி வரும்போது மனிதர் கண்ணியமாக முழு உடையோடு வருகிறார். ஆக மின்சாரம் பருத்தித் துணியை மறைக்கிறது, தோலை மறைக்கிறது, தோல் செருப்பையும் மறைக்கிறது. இரும்பை மட்டும் மறைப்பதில்லை. நல்லது. அப்படியானால் பெல்ட்டின் பக்கிள்? சட்டைப் பையில் இருக்கும் சாவிக்கொத்து? பேன்ட் ஜிப்? கிராண்டேல் மறைந்து நடக்கும்போது, கைக்குச் சற்றுக் கீழே ஒரு ஜிப்பும் அந்தரத்தில் கூடவே போக வேண்டாமா? பிளாஸ்கோ அதை எங்கும் வரையவில்லை. இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டீர்களானால், அதற்குப் பிறகு எந்த மாயாவி கதையைத் திறந்தாலும் அந்த ஜிப்பைக் கண் தேடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று கையுறை. உருவத்தோடு இருக்கும்போது இரும்புக் கைமேல் கையுறை போட்டுக்கொள்கிறார். மறைந்திருக்கும்போதும் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு இருட்டில் நின்றால் யாருக்குத் தெரியும்? அது துணிதானே, மறைந்துவிடுமா? மறைந்தால் உள்ளே இருக்கும் கை தெரியுமா? இதற்கு விடை கிடையாது. ஒரு குடும்பம் இரவு முழுக்கச் சண்டை போடலாம்.

தெர்மல்காரரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்

கணக்குக் கேட்கும் வேலையை நெய்வேலியில் தனியாகச் செய்வது வீண். டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் கூப்பிட்டாலும் ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு மைன்ஸ்காரர், ஒரு பம்ப் ஆபரேட்டர் கிடைப்பார். ஓய்வு பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது; நேரமும் இருக்கும், அபிப்பிராயமும் இருக்கும். அவரிடம் புத்தகத்தை நீட்டி, "சார், இது நடக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் முதலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இன்றைய வீட்டில் மாயாவியால் மறையவே முடியாது. போர்டில் ஆர்சிசிபி இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் ட்ரிப் ஆகிவிடும். மாயாவி விரலை வைப்பார், 'டக்' என்று ஒரு சத்தம், வீடே இருட்டு. நாயகர் முழு உருவத்தோடு, அசட்டுச் சிரிப்போடு, சுவரோரம் நிற்பார். வில்லன் டார்ச் எடுத்துவந்து, "யாருப்பா ஃப்யூஸைப் பிடுங்கினது?" என்று கேட்பான். 1960களின் வயரிங் இருந்ததால்தான் உலகம் பிழைத்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தபோது இவர் இங்கே துப்பறிய வந்திருந்தால், ஷாக்குக்காக ஜெனரேட்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபமாகத் தேடி அலைந்திருப்பார்.

அடுத்தது மைன்ஸ்காரர். அவருக்குப் பாதாளக் கதைகளைக் கொடுங்கள். முத்து காமிக்ஸில் 'பாதாள நகரம்' என்றே மாயாவி கதை உண்டு. பொதுவாகவே அந்தக் கால வில்லன்களுக்கு மண்ணுக்கடியில் வீடு கட்டும் பைத்தியம். மூக்கில் திருகாணி வைத்த வாகனம் ஒன்று பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். மறுகட்டத்தில் ஜொலிக்கும் மாளிகையில் போய் நிற்கும். மற்ற ஊர்க்காரர்கள் வாகனத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நம்மவர் மண்ணைப் பற்றிக் கேட்பார்: "தோண்டின மேல்மண்ணை எங்கே கொட்டினான்?"

நியாயமான கேள்வி. நிலக்கரியை எடுக்கும் முன் ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்றும் ஊர் இது. ஒரே பக்கெட்டில் 1400 லிட்டர் அள்ளும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர், கிலோமீட்டர் கணக்கில் கன்வேயர், கடைசியில் மண்ணை உதறிப் போடும் ஸ்ப்ரெடர் என்று அதற்கே ஒரு ராணுவம் இருக்கிறது. அத்தனையும் சேர்ந்து ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்துத்தான் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. வில்லனோ ஒரே இரவில் ஒரு நகரம் அளவுக்கு மண்ணைத் தோண்டி, எங்கே போட்டான் என்று சொல்லாமல் மறைத்துவிட்டான். உலகை ஆள அவன் வேறு எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அந்த மண் அகற்றும் காண்டிராக்டை எடுத்திருந்தால் போதும், கோடீஸ்வரன்.

பம்ப் ஆபரேட்டருக்குக் கோபமே வரும். நெய்வேலி நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு துளைத்தபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ பீறிட்டு வந்ததிலிருந்துதான் இந்த ஊரின் கதையே ஆரம்பம். 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தபோதும் எஞ்சினியர்களுக்குப் பெரிய தலைவலி அந்தத் தண்ணீர்தான். இன்றுவரை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக நிற்கும். பாதாள நகரத்தில் பளிங்குத் தூண் இருக்கிறது, சிம்மாசனம் இருக்கிறது, முதலைத் தொட்டிகூட இருக்கிறது. ஒரு பம்ப் ஹவுஸ் இல்லை. வில்லனின் கோட்டையை மாயாவி கடைசிப் பக்கத்தில் வெடிவைத்துத் தகர்க்கிறார். அவசியமே இல்லை. இரண்டு நாள் பொறுத்திருந்தால் தானே முங்கியிருக்கும்.

இப்படிப் படிப்பது கதையைக் கேலி செய்வதாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளாஸ்கோவின் படங்களை உற்றுப் பாருங்கள். நிழல் விழும் சந்து, மழையில் மின்னும் தார் ரோடு, பயத்தில் உறைந்த காவலாளியின் முகம் எல்லாமே அத்தனை நிஜம். அத்தனை நிஜமான சந்தில், நிஜமான முகத்துக்கு முன்னால், ஒரு ஒற்றைக் கை மிதக்கிறது. அவர் கதையைக் கேலி செய்து வரைந்திருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்காது. அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வரைந்தார். நாமும் அதே முகத்தோடு படிக்கிறோம்.

கூர்மண்டையருக்குக் குரல் கொடுங்கள்

அடுத்த நாயகர் கூர்மண்டையர் ஸ்பைடர். அவரைக் கண்ணால் மட்டும் படிப்பவர்கள் பெரிதும் நஷ்டப்படுகிறார்கள். அவர் உரக்கப் படிக்க வேண்டியவர்.

சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் வந்தவர் சாகச நாயகி மாடஸ்டி. ஆனால் லயன் என்ற பெயரைக் கேட்டதும் அந்தத் தலைமுறைக்கு நினைவில் எழுவது கூரான காதும் நெற்றியில் முக்கோணமாக இறங்கிய முடியுமாக நிற்கும் ஸ்பைடர்தான். இதில் ஒரு பொருத்தம்: இங்கிலாந்தில் ஸ்பைடர் 1965இல் அறிமுகமான வார இதழின் பெயரும் 'லயன்'. இரும்பு மனிதன் ஆர்ச்சி அதே இதழில் 1952இலேயே வந்தவர்.

ஸ்பைடரின் லட்சியம் குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவது. பூட்டு உடைப்பதில் நிபுணன் ராய் ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம் என்று இரண்டு கையாட்கள். கொஞ்ச காலம் கொள்ளையடித்த பிறகு போலீஸ்காரர்கள் தனக்குச் சரியான எதிரிகளாக இல்லை என்று சலித்துப்போய், மற்ற வில்லன்களை ஒடுக்கப் புறப்படுகிறார். மனம் திருந்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை ரொம்ப ஈசியாக இருக்கிறது என்று ராஜினாமா செய்தவர் அவர். நீதிக்காக உழைக்கும்போதும் அவருக்கு நீதிமேல் அக்கறை கிடையாது. தன்னைப் போல ஒருவன் உண்டா என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் பக்கத்துக்குப் பக்கம் தற்புகழ்ச்சி. தலைகீழாகத் தொங்கும்போதும் புகழ்ச்சி, வலையில் மாட்டும்போதும் புகழ்ச்சி. எதிரி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க, இவர் தன் மூளையின் சிறப்பைப் பற்றி மூன்று பலூன் பேசுவார். எதிரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் சுட்டிருந்தால் கதை நான்காம் பக்கத்தில் முடிந்திருக்கும். அவனுக்கும் பேச வேண்டியது இருக்கிறது, முறை வரட்டும் என்று காத்திருக்கிறான்.

இந்த வசனங்களுக்குப் பின்னால் யார் இருந்தார் என்று தெரிந்தால் ருசி கூடும். முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு ஸ்பைடரை எழுதியவர் அமெரிக்காவின் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய அதே சீகல். 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் அதற்காக வழக்காடினார்கள். 1960களின் நடுவில், உலகத்தின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவைப் படைத்த மனிதர், கடல் கடந்த ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்காக, ஊரில் எவனும் எனக்கு ஈடில்லை என்று மார்தட்டும் ஒரு திருடனுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் அடக்கமானவர், கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபீசில் திட்டு வாங்குபவர். அவர் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் சீகல் ஸ்பைடர் வாயில் வைத்தார் என்று நினைத்துப் படித்தால், அந்த அலட்டலுக்குப் பின்னால் வேறொரு குரலும் கேட்கும். இது என் ஊகம்தான். ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

உரக்கப் படிக்க மூன்று பேர் போதும். ஸ்பைடரை, கூட்டத்தில் யார் ரொம்பக் கூச்சப்படுகிறவரோ அவருக்குக் கொடுங்கள். சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பழகியவருக்குக் கொடுக்கவே கூடாது. நன்றாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். ஆர்டினியையும் பெல்ஹாமையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். இருவருக்கும் பயப்படுவதும், முதுகுக்குப் பின்னால் சதி பேசுவதும்தான் வேலை. மூன்றாமவர் கட்டத்தின் மூலையில் இருக்கும் வர்ணனைப் பெட்டி. "அதே சமயம்...", "இதற்கிடையே...", "அந்தோ!" என்பவற்றை ஆல் இந்தியா ரேடியோ செய்தி வாசிப்பது போல உணர்ச்சியே இல்லாமல் வாசிக்க வேண்டும். டுமீல், சதக் போன்ற சத்தங்களை எல்லாரும் சேர்ந்து கொடுக்கலாம். இரவு ஒன்பதரைக்கு மேல் வேண்டாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் ஒரு கண் அசந்துகொண்டிருப்பார்.

ஸ்பைடர் குடியிருக்கும் கோட்டையையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பழைய கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நியூயார்க் அருகே கட்டியதாகக் கதை. போலீஸ் தேடும் ஒரு குற்றவாளி, அமெரிக்காவில் ஸ்காட்லாந்துக் கோட்டையில் இருக்கிறார். போலீசுக்கு முகவரி தெரியவில்லை! சரி, அது போகட்டும். சுரங்கத்துக்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்ததைப் பார்த்த இந்த வட்டாரத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்தக் கோட்டையில முன்னே குடியிருந்தவங்களுக்கு மாத்து இடம் குடுத்தாங்களா?" சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

வாரத் தொடராக வந்த கதைகளில் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்; ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் யாராவது சாக வேண்டும் அல்லது சாகப் போக வேண்டும். அவற்றைக் கோத்து ஒரே புத்தகமாக்கும்போது, நாயகர் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மலையுச்சியிலிருந்து விழுகிறார். அடுத்த கட்டத்தில் ஒரு கிளை கிடைக்கிறது. அதைப் பிடித்ததும் மறுபடி, தான் யார், ஏன் இங்கே தொங்குகிறார் என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்கிறார். போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சொன்னது அது. பென்சிலால் அந்த ஒட்டு இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மறுபதிப்புப் புத்தகத்தில் மட்டும் குறியுங்கள். பழைய பிரதியில் பென்சில் வைத்தால் உங்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

மீன் தின்னும் புலி

மாயாவி வேண்டும் என்று பழைய புத்தகக் கடையில் கேட்டால், எந்த மாயாவி என்று திருப்பிக் கேட்பார்கள். ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தவர் வேறு: லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேன்டம், முத்து வாசகர்களுக்கு வேதாளர். அவரையும் கேட்டு வாங்குங்கள். இரும்புக்கையாரிடம் விஞ்ஞானக் குளறுபடி என்றால் இவரிடம் பூகோளக் குளறுபடி.

வேதாளரின் காடு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது கதைக்குக் கதை நகரும். தொடக்கத்தில் ஆசியா பக்கம் இருந்தது. பிற்பாடு ஆப்பிரிக்காவில் போய் நின்றது. ஆனால் புலிகள் டிக்கெட் எடுத்துக் கூடவே போய்விட்டன. 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் இங்கே வந்தபோது, பெங்காலா என்ற நாட்டின் பெயர் நமது வங்காளத்தை நினைவுபடுத்தும் என்று டெங்காலி ஆனது. சிங் என்ற கொள்ளைக்காரக் கூட்டம் சிங்கா ஆனது. ஒரு நாட்டின் பெயரையே மாற்றிய பிறகும் வேதாளருக்குத் தபால் சரியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஈடன் தீவு. சிங்கமும் புலியும் மானும் அங்கே ஒன்றாக வாழ்கின்றன. எப்படி? குட்டியிலிருந்தே வேதாளர் அவற்றுக்கு மீன் தின்னப் பழக்கிவிட்டார். முதல் பொய்யை ஒத்துக்கொள்ளுங்கள்: புலி மீன் தின்னும். இப்போது கணக்கு. ஒரு புலிக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோவாவது வேண்டும். சிங்கம், புலி, சிறுத்தை எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு என்று வைத்தாலும் தினம் அறுபது எழுபது கிலோ மீன். கடலூர் முதுநகருக்குப் போய் இந்த அளவுக்கு மீன் எடுக்கிறவர்களைக் கேளுங்கள், என்ன செலவாகும் என்று. மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வார்? அந்த இரண்டு மாதமும் மான்கள் எப்படித் தூங்கும்? அதே தீவில் ஒரு ஸ்டெகோசாரஸும் இருக்கிறது என்பதை நான் இப்போதைக்குச் சொல்லாமல் விடுகிறேன். அது தாவரபட்சிணி, செலவு குறைவு.

அமெரிக்க சூப்பர் ஹீரோ கதைகளில் ஆர்வம் இருப்பவர்கள் 1950களின் நடுவிலிருந்து 60களின் நடுவரை உள்ளவற்றைத் தேடுங்கள். 1954இல் அங்கே காமிக்ஸ்களுக்குக் கடுமையான ஒழுக்க விதிகள் வந்தன. ரத்தம் கூடாது, பேய் கூடாது. மிச்சம் இருந்தது அசட்டுத்தனம் ஒன்றுதான். அதில் உச்சத்தைத் தொட்டார்கள். 1957இல் வந்த ஒரு கதையில் பேட்மேன் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு நிறத்தில் உடுத்திக்கொண்டு வருகிறார், ஒருநாள் ரோஸ் நிறத்தில்கூட. காரணம்? ராபினின் கையில் அடிபட்டிருக்கிறது. அதை யாரும் கவனித்துவிடக் கூடாது, எல்லார் கண்ணும் தன் மேலேயே இருக்க வேண்டும். ராபினுக்கு இரண்டு வாரம் லீவு கொடுக்கலாம் என்று உலகின் தலைசிறந்த துப்பறிவாளருக்குத் தோன்றவில்லை. 1963இல் சூப்பர்மேனுக்குச் சிவப்பு கிரிப்டோனைட்டால் எறும்புத் தலை முளைத்தது. அட்டையில் கொரில்லா இருந்தால் இதழ் கூடுதலாக விற்கிறது என்று ஒரு பதிப்பாசிரியர் கண்டுபிடிக்கப் போய், அட்டைக்கு அட்டை கொரில்லாக்கள் துப்பறிந்தன, நீதி வழங்கின, பாடம் நடத்தின. நமது மாயாவிக்கும் 'கொரில்லா சாம்ராஜ்யம்' வாய்த்ததைப் பார்த்தால் அந்த ஜுரம் கடல் தாண்டிப் பரவியிருக்க வேண்டும்.

சிரிக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. மந்திரவாதி மான்ட்ரேக்கின் தோழர் லோதர் பல ஆண்டுகள் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு, வாக்கியம் அமைக்கத் தெரியாதவராகவே காட்டப்பட்டார். 1960களின் நடுவில்தான் அவருக்கு மனிதரைப் போலப் பேச்சு வந்தது. ஆர்ச்சியின் தொடக்கக் காட்டுக் கதைகளில் ஆப்பிரிக்கர்களை வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் முகம் சுருங்கும். கறுப்பு மக்கள் நூற்றாண்டுக் கணக்காக ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதுதான் வேதாளர் கதையின் அடித்தளமே. பிள்ளைகளோடு படிக்கும்போது இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். நின்று, இது தப்பு என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

வாங்குவதும் வைப்பதும்

படிப்பதற்கு மறுபதிப்பே போதும். 2012 ஜனவரியில் லயன் புதுப்பொலிவோடு திரும்பி வந்த பிறகு பழைய நாயகர்கள் பலர் மறுபடி அச்சேறினார்கள். மாயாவியைக் கறுப்பு வெள்ளையில் வாங்குங்கள். பிளாஸ்கோவின் நிழலுக்கு வண்ணம் எதிரி. நெய்வேலி புத்தகக் கண்காட்சி பெரும்பாலும் ஜூலையையொட்டி லிக்னைட் ஹால் வளாகத்தில் நடக்கும். காமிக்ஸ் போட்டிருக்கும் அரங்கு எது என்று உள்ளே போனதும் விசாரித்துவிடுங்கள். பழைய பிரதிக்குப் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் காலை வெயில் ஏறும் முன் போய்ப் பார்க்கலாம். ஒன்று சொல்கிறேன்: அட்டை மட்டும் பளபளவென்று இருந்து, உள்தாள் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது ஜெராக்ஸ் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுபதுகளின் நியூஸ்பிரின்ட் மஞ்சளாகத்தான் இருக்கும், முகர்ந்தால் தெரியும்.

வீட்டில் வைக்கும்போது கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் இந்தக் கரையை அடித்தபோது ஓடு பறந்த வீடுகளிலும் தண்ணீர் ஏறிய வீடுகளிலும் முதலில் போனது காகிதம்தான். செல்லோ டேப் வேண்டாம். பத்து வருடத்தில் பசை பழுப்பாகிக் கட்டத்தையே தின்றுவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் நகத்தால் மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு, வெள்ளை நூலால் இரண்டு தையல் போடுங்கள். லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரவல் விஷயத்தில் தாட்சண்யம் காட்டாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு பெயர், வட்டம், குவார்ட்டர்ஸ் எண், தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுங்கள். டிரான்ஸ்பரிலோ ஓய்விலோ போகப் போகிறவர் என்றால் நோட்டும் பிரயோஜனப்படாது. மாயாவி திரும்பி வருவார், வேதாளரும் வருவார், ஆர்ச்சிகூட எப்போதாவது வருவார். ஸ்பைடரை மட்டும் யாருக்கும் தராதீர்கள்; அவரை எடுத்துப் போனவர்கள் எல்லாரும், கேட்டால், தங்களுடைய சொந்தப் பிரதி என்றே சாதிப்பார்கள்.